அலமாரி நடந்து வரும் கிடங்கு

இரவு பத்து மணிக்கு ஒரு பல் துலக்கும் பிரஷ்ஷையும் ஒரு குக்கர் கேஸ்கட்டையும் கைபேசியில் ஆர்டர் செய்கிறோம். மறுநாள் மதியம் இரண்டும் ஒரே அட்டைப்பெட்டியில் வீட்டு வாசலுக்கு வந்துவிடுகின்றன. பல லட்சம் வகைச் சரக்குகள் குவிந்திருக்கும் ஒரு கிடங்கில் இந்த இரண்டை மட்டும் இத்தனை விரைவாக எப்படித் தேடி எடுத்தார்கள்? பிரஷ்ஷெல்லாம் ஒரு வரிசை, கேஸ்கட்டெல்லாம் ஒரு வரிசை என்று வகை பிரித்து, பெயர் எழுதி ஒட்டி, நூலகம் போல அடுக்கி வைத்திருப்பார்கள் என்றுதான் நினைக்கத் தோன்றும்.

ரோபோக்கள் வேலை செய்யும் அமேசான் கிடங்கு ஒன்றின் அலமாரியை எட்டிப் பார்த்தால் அந்த நினைப்பு கலைந்துவிடும். ஒரே அறையில் பிரஷ், அதன் பக்கத்தில் கரடி பொம்மை, கீழே ஸ்க்ரூடிரைவர், அதற்கும் கீழே ஷாம்பு பாட்டிலும் ஆங்கில அகராதியும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு இருக்கும். அதே பிரஷ் அங்கே மட்டும் இருக்காது; கிடங்கின் வேறு மூலைகளில் இருக்கும் வேறு பல அலமாரிகளிலும் இரண்டு மூன்றாகக் கிடக்கும். யாரோ அசட்டையாகப் போட்டுவிட்டுப் போன கோலம் அல்ல இது. திட்டமிட்டே இப்படி வைக்கிறார்கள். சரக்கை இப்படி இறைத்து வைக்கும் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், கிடங்கு ரோபோவின் கதை முழுவதும் புரிந்துவிடும்.

முதலில் காலைப் பற்றிப் பேச வேண்டும். சரக்கை இறக்குவது, அடுக்குவது, எடுப்பது, கட்டுவது, ஏற்றி அனுப்புவது என்று கிடங்கில் வேலைகள் பல. இவற்றில் காசைத் தின்பது எடுப்பதுதான். அங்கே வேலை செய்கிறவர்கள் பிக்கிங் என்பார்கள். சரக்கெடுப்பு என்று சொல்லலாம். நெதர்லாந்தின் ரெனே டி கோஸ்டரும் சகாக்களும் 2007இல் எழுதிய ஆய்வுத் தொகுப்பு, கிடங்கை நடத்தும் செலவில் 55 விழுக்காடு வரை சரக்கெடுப்புக்கே போகக்கூடும் என்கிறது. சரி, எடுப்பவரின் நேரம் எதில் போகிறது? தொழிற்பொறியியல் பாடநூல்கள் தரும் மதிப்பீட்டின்படி பாதி நேரம் நடப்பதில் கழிகிறது. ஐந்தில் ஒரு பங்கு தேடுவதில் போகிறது. கை நீட்டிப் பொருளை எடுக்கும் வேலைக்குக் கிடைப்பது 15 விழுக்காடுதான்.

இந்தக் கணக்கை எப்படி எடுத்தார்கள் என்பது சுவையான செய்தி. ஒரு தொழிலாளியின் பின்னால் நாள் முழுக்க ஸ்டாப்வாட்சுடன் அலைந்தால் அவர் வழக்கம்போல வேலை செய்யமாட்டார், செலவும் கட்டுப்படியாகாது. 1930களில் எல்.எச்.சி. டிப்பெட் என்ற புள்ளியியல் அறிஞர் இங்கிலாந்தின் பருத்தி ஆலைகளில் வேறு வழி கண்டார். முன்னறிவிப்பில்லாத ஏதோ ஒரு நொடியில் எட்டிப் பார்ப்பது. அந்த நொடியில் அந்த ஆளோ தறியோ என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்வது. இப்படி ஆயிரக்கணக்கான நொடிக் குறிப்புகள் சேர்ந்ததும் எத்தனை பங்கு எந்த வேலை என்பது தானாகத் தெரிந்துவிடும். ஆளைத் தொடராமலே அவர் நாளை அளந்துவிடலாம். நடையே பாதி நாளைத் தின்கிறது என்பது இப்படிப்பட்ட அளவைகளிலிருந்து கிடைத்த அறிவு.

இந்த நடையை ஒழிக்க என்ன வழி? நம்மூர்ப் பட்டுப் புடவைக் கடையில் அதற்கு நெடுங்காலமாக விடை இருக்கிறது. பழைய பாணிக் கடையில் நாம் அலமாரி அலமாரியாக அலைவதில்லை. விரிப்பில் உட்கார்ந்துவிடுகிறோம். புடவைகள் நம்மிடம் வருகின்றன. பார்த்து முடித்ததும் திரும்பிப் போகின்றன. வாங்குகிறவர் இருந்த இடத்திலேயே இருக்க, சரக்கு நகர்கிறது. சூப்பர்மார்க்கெட் இதைத் தலைகீழாக்கியது: சரக்கு நிற்கும், ஆள் தள்ளுவண்டியோடு நடக்க வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் கிடங்குகள் பெரும்பாலும் சூப்பர்மார்க்கெட் வழியில்தான் இயங்கின. புடவைக் கடை வழிக்குப் போக வேண்டுமென்றால், ஓடி ஓடி எடுத்துவரும் கடைப் பையன்கள் நூற்றுக்கணக்கில் வேண்டும். சோர்வில்லாத பையன்களாகவும் இருக்க வேண்டும்.

அமெரிக்காவில் வெப்வேன் என்று ஒரு நிறுவனம் இருந்தது. இணையம் வழியாக மளிகை விற்கக் கிளம்பி, நகரும் பட்டைகளால் நிறைந்த மாபெரும் கிடங்குகளில் பெரும்பணத்தைக் கொட்டி, 2001 ஜூலையில் திவாலானது. அங்கே வேலை பார்த்த மிக் மவுண்ட்ஸ் என்ற பொறியாளர், ஒவ்வொரு ஆர்டரையும் சேகரிக்க ஆகும் செலவே நிறுவனத்தை விழுங்கியதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். நகரும் பட்டைக்கு ஒரு பிறவிக் குறை உண்டு. ஓரிடத்தில் நின்றால் அதை நம்பியிருக்கும் எல்லாமே நிற்கும். வியாபாரம் வளர்ந்தால் பட்டையைக் கொஞ்சமாக நீட்டிக்கொள்ளவும் முடியாது. மவுண்ட்ஸ் வேறு திசையில் யோசித்தார். அலமாரிகளே நடந்து வந்தால் என்ன? 2003இல் அவர் தொடங்கிய கீவா சிஸ்டம்ஸ் நிறுவனத்தில், செயற்கை நுண்ணறிவுப் பேராசிரியர் பீட்டர் வர்மனும், கார்னெல் பல்கலைக்கழகத்தில் ரோபோ கால்பந்து அணியை உலகக் கோப்பை வெல்லவைத்த ரஃபயெல்லோ டி’ஆண்ட்ரேயாவும் சேர்ந்துகொண்டார்கள். மைதானத்தில் ஒன்றோடொன்று மோதாமல் ஓடும் சின்ன ரோபோக்களை ஆட்டிவைத்த அனுபவம் எதற்குப் பயன்பட்டது என்பது சற்றுப் பிறகு தெரியும்.

கீவா ரோபோ பார்வைக்கு எளிமையானது. முழங்காலுக்கும் கீழான உயரம், ஆரஞ்சு நிறம், இரண்டு இயக்கச் சக்கரங்கள். கையில்லை, முகமில்லை. அலமாரியின் அடியில் நுழைந்து, தூக்கி, சுமந்து போய், வைக்கும். சிறிய வகையே 450 கிலோ வரை தூக்கும். தூக்கும் விதத்தில் ஒரு நேர்த்தி இருக்கிறது. அலமாரியின் அடியில் போனதும் ரோபோ நின்ற இடத்திலேயே சுழல்கிறது. அதன் நடுவிலிருக்கும் திருகு எதிர்ப்புறமாகத் திரும்பி மேலே எழுகிறது. திருகின் தலைப்பாகம் சுழலாமல் அப்படியே உயர்வதால் அலமாரி திரும்பாமல், ஆடாமல் தரையிலிருந்து சில அங்குலம் கிளம்புகிறது.

தான் எங்கே நிற்கிறது என்பது அதற்கு எப்படித் தெரியும்? கட்டடத்துக்குள் ஜி.பி.எஸ். உதவாது. கிடங்கின் தரையில் கட்டம் கட்டமாகச் சதுர வில்லைகள் ஒட்டியிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் தனித்தனியான குறியீடு அச்சாகியிருக்கிறது. ரோபோவின் வயிற்றிலுள்ள கேமரா வில்லையைக் கடக்கும்போது அதைப் படித்து இடத்தை அறிகிறது. ஒரு வில்லைக்கும் அடுத்ததற்கும் இடையே, சக்கரம் எத்தனை சுற்றுச் சுற்றியது என்பதை வைத்துக் கணிக்கிறது. சக்கரக் கணக்கில் சிறு பிழை சேரும். ஆனால் அடுத்த வில்லை அந்தப் பிழையைத் துடைத்துவிடும். முதுகிலுள்ள இன்னொரு கேமரா அலமாரியின் அடியிலிருக்கும் குறியீட்டைப் படித்து, சரியான அலமாரிதானா என்று உறுதி செய்துகொள்ளும். தானோட்டிக் கார்களின் சிக்கலான பார்வையில் நூறில் ஒரு பங்குகூட இதற்குத் தேவைப்படவில்லை. ரோபோவைப் புத்திசாலியாக்குவதற்குப் பதிலாக அது ஓடும் தரையைப் புத்திசாலியாக்கினார்கள். பொறியியலில் நான் மிகவும் மதிக்கும் முடிவுகளில் ஒன்று இது.

இனி அந்த அலங்கோல அலமாரிக்கு வரலாம். அலமாரி நகரத் தொடங்கியதும், எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்பதை மனிதர் நினைவில் வைத்திருக்கத் தேவையில்லாமல் போகிறது. நினைவு முழுவதும் கணினிக்குப் போய்விடுகிறது. அப்படிப் போனதும் மூன்று ஆதாயங்கள் கிடைக்கின்றன. சிதறல் வைப்பு என்று நாம் அழைக்கக்கூடிய இந்த முறையின் அடிப்படை அவைதாம்.

முதலாவது இடம். நூறு வகைப் பொருட்கள், ஒவ்வொன்றும் வந்திறங்கும்போது பத்து அறைகளை நிரப்பும் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் நிரந்தர இடம் ஒதுக்கினால் ஆயிரம் அறைகள் வேண்டும். ஆனால் வந்திறங்கிய நாளில் நிறைந்திருக்கும் பத்து அறைகள் விற்க விற்கக் காலியாகி, அடுத்த லாரி வரும் நாளில் வெறுமையாக நிற்கும். சராசரியில் பாதி அறைகள் எப்போதும் காலி. பொருட்கள் நூறும் ஒரே நாளில் வந்திறங்குவதில்லை. ஒன்று நிறையும்போது இன்னொன்று தீரும். எந்த அறையும் எவருக்கும் சொந்தமில்லை என்று விட்டுவிட்டால், ஐந்நூறுக்குச் சற்று மேற்பட்ட அறைகளே போதும். வகைகள் கூடக்கூட இந்த ‘சற்று’ விகிதத்தில் சுருங்கிக்கொண்டே போகும். தனித்தனி ஏற்ற இறக்கங்கள் ஒன்றையொன்று சமன்செய்துகொள்ளும் என்ற பேரெண் விதி, கிடங்குக்காரருக்கு வாடகை மிச்சமாகக் கைக்கு வருகிறது.

இரண்டாவது தூரம். ஒரே பிரஷ் முப்பது அலமாரிகளில் இருந்தால், அவற்றில் ஏதோ ஒன்று எப்போதும் பக்கத்தில் இருக்கும். அதுவும் கேஸ்கட்டையும் சுமந்துகொண்டிருக்கும் அலமாரியாக அமைந்துவிட்டால் ஒரே நடையில் இரண்டும் வந்துவிடும். மூன்றாவது பிழை. ஐந்து வகைப் பிரஷ்கள் அடுத்தடுத்து இருந்தால் அவசரத்தில் கை மாறிப் போகும். பிரஷ்ஷும் கரடி பொம்மையும் பக்கத்தில் இருந்தால் யாரும் மாற்றி எடுக்கமாட்டார்கள்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. பழைய கிடங்கில் பத்து வருடம் வேலை செய்தவர் கண்ணை மூடிக்கொண்டு போய்ப் பொருளை எடுத்துவருவார். அந்த அறிவு அவருடைய சொத்து, அவருக்கு மதிப்பைத் தந்த சொத்து. சிதறல் வைப்பில் பத்து வருட அனுபவசாலிக்கும் நேற்றுச் சேர்ந்தவருக்கும் இடம் பற்றிய அறிவில் வேறுபாடே இல்லை. இருவரும் திரையைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

புடவைக் கடைக்கு ஒருமுறை திரும்பினால் அடுத்த கருத்து தெளிவாகும். முகூர்த்த மாதத்தில் அடிக்கடி கேட்கப்படும் புடவைகள் உள்ளே போவதேயில்லை. கைக்கெட்டும் தட்டிலேயே தங்கிவிடும். கேட்பாரற்றவை தாமாகவே பின்னுக்கும் அடிக்கும் போய்விடும். இதற்கென யாரும் உட்கார்ந்து திட்டம் போடுவதில்லை. கீவா கிடங்கிலும் இதுவே நடக்கிறது. வேலை முடிந்த அலமாரி எடுத்த இடத்துக்கே திரும்ப வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சீக்கிரம் மறுபடி தேவைப்படும் என்று கணித்தால் ரோபோ அதை எடுப்பவருக்குப் பக்கத்திலேயே நிறுத்தும். நாட்கள் செல்லச் செல்லச் சூடான சரக்கு முன்னுக்கும் ஆறிய சரக்கு பின்னுக்கும் நகர்ந்து, கிடங்கு தன்னைத்தானே அடுக்கிக்கொள்கிறது.

நார்வேயில் 1996இல் பிறந்த ஆட்டோஸ்டோர் இதை இன்னும் துலக்கமாகக் காட்டும். அங்கே அலமாரியே கிடையாது. பெட்டிகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிணறு போலக் குத்துவாக்கில் அடுக்கியிருக்கும். மேலே தண்டவாளக் கட்டத்தில் ஓடும் ரோபோக்கள் பெட்டியைத் தூக்கியெடுக்கும். நடைபாதைகளே இல்லாததால் கட்டடத்தில் காற்றுக்குப் போகும் இடம் பெருமளவு மிச்சம். அடியில் இருக்கும் பெட்டி வேண்டுமென்றால் மேலிருப்பவற்றையெல்லாம் எடுத்து வைக்க வேண்டுமே, அது தாமதமில்லையா? எடுத்த பெட்டி திரும்ப மேலேதான் வைக்கப்படுகிறது. அடிக்கடி கேட்கப்படுபவை எப்போதும் மேல்மட்டத்தில் மிதக்கின்றன. அடிக்குப் போனவை அரிதாகவே அழைக்கப்படுகின்றன.

இது வெறும் அனுபவ நம்பிக்கை அல்ல. கணினியில் ஒரு பட்டியலைத் தலையிலிருந்து தேடும்போது, கிடைத்த பொருளை ஒவ்வொரு முறையும் முன்னால் கொண்டுவந்து வைத்தால் என்ன ஆகும் என்று டேனியல் ஸ்லீட்டரும் ராபர்ட் டார்ஜனும் ஆராய்ந்தார்கள். எதிர்காலத்தில் என்னென்ன கேட்கப்படும் என்று முன்கூட்டியே அறிந்த ஒருவர் அதே பட்டியலை மிகச் சிறப்பாக அடுக்கிக்கொண்டே போனாலும், எதுவுமே அறியாத இந்த எளிய வழியின் மொத்தச் செலவு அவருடையதைவிட இரண்டு மடங்கைத் தாண்டாது என்று 1985இல் நிறுவினார்கள். எதிர்காலம் தெரியாததற்கு நாம் கொடுக்கும் அபராதம் அதிகபட்சம் இரண்டு மடங்கு! கிடங்கு என்பது பட்டியலைவிடச் சிக்கலானது. அந்தத் தேற்றம் அப்படியே பொருந்தாது. ஆனால் திட்டமே போடாமல் நடப்பது ஏன் இவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்பதற்கான காரணத்தின் வேர் அங்கே இருக்கிறது.

இப்படி நெருக்கி அடைப்பதில் ஆபத்தும் இருக்கிறது. பிரிட்டனின் ஒக்காடோ நிறுவனம் ஆண்டோவரில் இதைப் போன்ற கட்டக் கிடங்கை நடத்தியது. மளிகைப் பெட்டிகளுக்கு மேலே, நொடிக்கு நான்கு மீட்டர் வேகம் வரை ரோபோக்கள் ஓடின. 2019 பிப்ரவரியில் ரோபோக்களின் மின்னேற்றி ஒன்றில் பற்றிய தீ கிடங்கையே அழித்தது. ஆள் நடக்க வழியில்லாத இடத்தில் தீயணைப்பு வீரரும் நடக்க முடியாது. 2021இல் எரித் என்ற ஊரிலுள்ள அதன் இன்னொரு கிடங்கில் மூன்று ரோபோக்கள் மோதிக்கொண்டதில் மறுபடியும் தீப்பிடித்தது.

மோதலைப் பற்றிப் பேசும்போது அறிவியலின் கடினமான பகுதிக்கு வந்துவிடுகிறோம். ஒரு ரோபோவுக்கு வழி சொல்வது எளிது. பீட்டர் ஹார்ட், நில்ஸ் நில்சன், பெர்ட்ராம் ரஃபேல் மூவரும் 1968இலேயே அதற்கு முறை கண்டுவிட்டார்கள். ஏ ஸ்டார் என்ற அந்த முறை, இதுவரை வந்த தூரத்தையும் இனிப் போகவேண்டிய தூரத்தின் மதிப்பீட்டையும் கூட்டிப் பார்த்து, நம்பிக்கை தரும் பாதையை முதலில் சோதிக்கும். சிக்கல் எண்ணிக்கையில் இருக்கிறது. கட்டத் தரையில் நிற்கும் ரோபோவுக்கு ஒவ்வொரு நொடியும் ஐந்து வாய்ப்புகள்: நான்கு திசைகள், அல்லது சும்மா நிற்பது. பத்து ரோபோக்கள் சேர்ந்தால் அடுத்த ஒரே ஒரு அடிக்கான கூட்டு வாய்ப்புகள் 97 லட்சத்தைத் தாண்டும். நூறு ரோபோக்களுக்கு அது 70 இலக்க எண். பூமியிலுள்ள அணுக்களின் எண்ணிக்கையே சுமார் 51 இலக்கம்தான். அதுவும் ஒரே அடிக்கு. எல்லா ரோபோக்களுக்கும் சேர்த்து மிகச் சிறந்த வழித்தொகுப்பைக் கண்டறிவது என்.பி. கடினம் என்ற வகையைச் சேர்ந்தது என்று ஜிங்ஜின் யூவும் ஸ்டீவன் லவாலும் 2013இல் நிறுவினார்கள். அளவு பெருகினாலும் விரைவாகத் தீர்த்துவிடும் வழி இந்த வகைக் கணக்குகளுக்கு எவரிடமும் இல்லை. இருக்கவே முடியாது என்பது கணிப்பியலாளர்களில் பெரும்பாலோர் எண்ணம்.

மிகச் சிறந்ததை விட்டுவிட்டு, நல்லதைப் பிடித்துக்கொள்வதுதான் நடைமுறை. அதற்கு டேவிட் சில்வர் 2005இல் எழுதிய கட்டுரை ஒரு தெளிவான உத்தியைச் சொன்னது. கோ ஆட்டத்தில் உலக வீரர்களை வென்ற ஆல்ஃபாகோவைப் பின்னாளில் உருவாக்கிய குழுவின் தலைவர் இவர்; அப்போது கணினி விளையாட்டுகளில் பாத்திரங்கள் முட்டிக்கொள்ளாமல் நடப்பதற்கு வழி தேடிக்கொண்டிருந்தார். தரையின் நீளம், அகலம் இரண்டோடு நேரத்தையும் மூன்றாவது பரிமாணமாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒரு கட்டம் ‘காலியா’ என்று கேட்கக் கூடாது. ‘எட்டாவது நொடியில் காலியா’ என்று கேட்க வேண்டும். முதல் ரோபோ தன் பாதையைத் தேர்ந்து, எந்தக் கட்டம் எந்த நொடியில் தனக்கு வேண்டும் என்பதை முன்பதிவு செய்யும். அடுத்தது அந்தப் பதிவுகளை மதித்துத் தன் வழியைத் தேடும். ஒரே கட்டத்தை இருவர் வேறுவேறு நொடிகளில் பயன்படுத்துவதில் பிழையில்லை. எழுபது இலக்கப் பூதம் இவ்வாறு ஒவ்வொருவராகத் தீர்க்கும் நூறு சிறு கணக்குகளாகச் சிதறிவிடுகிறது.

இதில் இழப்பும் இருக்கிறது. முதலில் பதிவு செய்தவர் சுயநலமாக நடந்துகொண்டால் கடைசியில் வருபவருக்கு வழியே இல்லாமல் போகலாம். நான்கு ரோபோக்கள் சதுரமாக நின்று, ஒவ்வொன்றும் அடுத்ததன் இடத்துக்காகக் காத்திருந்தால் நான்கும் நகராது. இந்த முட்டிநிற்றலைத் தவிர்க்க ஒருவழிப் பாதைகள் போன்ற விதிகளை வகுக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ரோபோக்களைக் கூட்டிக்கொண்டே போனால் வேலை கூடிக்கொண்டே போகாது. ஒரு கட்டம் வரை கூடும். பிறகு நெரிசலால் தட்டையாகும். அதற்கும் மேல் போனால் குறையும். எத்தனை ரோபோக்கள் வாங்கலாம் என்பதைக் கணினியில் அந்தக் கிடங்கின் மாதிரியை ஓடவிட்டுப் பார்த்தே முடிவு செய்கிறார்கள்.

2012 மார்ச்சில் அமேசான் கீவாவை 77.5 கோடி டாலருக்கு வாங்கியது. பிறகு மற்ற கடைக்காரர்களுக்கு அந்த ரோபோ கிடைக்காமல் போனது. அந்த வெற்றிடத்தில்தான் அமெரிக்காவின் லோகஸ், சீனாவின் கீக் பிளஸ், குருகிராமில் தொடங்கிய கிரேஆரஞ்ச் போன்ற நிறுவனங்கள் வளர்ந்தன. 2025இல் தன்னிடம் பத்து லட்சம் ரோபோக்கள் இருப்பதாக அமேசான் அறிவித்தது.

கால் ஓய்ந்துவிட்டது. இனி கை. அலமாரி முன்னால் வந்து நிற்கிறது, திரையில் பிரஷ்ஷின் படம் தெரிகிறது. அதை எடுத்துப் பெட்டியில் போடுவது இன்னும் பெரும்பாலும் மனிதர்தான். ஏன்? 2015இல் சியாட்டிலில் அமேசான் நடத்திய சரக்கெடுப்புப் போட்டி இதற்கு விடை சொன்னது. அலமாரியிலிருந்து 12 பொருட்களை 20 நிமிடத்தில் எடுக்க வேண்டும். உலகின் சிறந்த ஆய்வுக்கூடங்கள் பல கலந்துகொண்டன. வென்ற பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழக அணி எடுத்தது பத்து. அதன் ரோபோ கையின் நுனியில் இருந்தது வீட்டைச் சுத்தம் செய்யும் வாக்குவம் கிளீனரின் உறிஞ்சுகுழல். தட்டையான, வழவழப்பான எதையும் உறிஞ்சிப் பிடித்துவிடலாம். கம்பிவலையால் ஆன பேனாக் குவளையில் மட்டும் அந்த உத்தி பலிக்காது. காற்று ஓட்டை வழியே போய்விடும். கண்ணாடித்தாள் சுற்றிய பொருள் கேமராவை ஏமாற்றும். துணி எடுத்த எடுப்பிலேயே உருமாறும். செக்கர்ஸ் ஆட்டத்தைப் பெரியவர்களைப் போல ஆடுவது கணினிக்கு எளிது, ஒரு வயதுக் குழந்தையின் பார்வையும் அசைந்து நடமாடும் திறனும் கடினம் என்று ஹான்ஸ் மொராவெக் 1988இலேயே எழுதியிருந்தார்.

நம் உள்ளங்கையிலும் விரல்களிலும் தொடுகையை உணரும் ஏறத்தாழ 17,000 நரம்பு முனையங்கள் உண்டு என்று சுவீடனின் ரோலண்ட் ஜோஹான்சனும் ஆக்கே வால்போவும் 1979இல் மதிப்பிட்டார்கள். அவை என்ன செய்கின்றன என்று அறிய ஒரு சோதனை உண்டு. விரல்நுனிகளை மரத்துப்போகச் செய்துவிட்டுத் தீக்குச்சி உரசச் சொல்வது. கண் நன்றாகத் தெரிகிறது, தசைகளுக்கு எதுவும் ஆகவில்லை. ஆனாலும் குச்சி நழுவுகிறது, விழுகிறது. சில நொடி வேலை பல மடங்கு நீள்கிறது. பொருள் நழுவத் தொடங்குவதை நாம் பார்த்து அறிவதில்லை. தோல் அறிந்து, நினைக்கும் முன்பே பிடியை இறுக்குகிறது. ரோபோ கைகளிடம் நெடுங்காலமாக இல்லாதிருந்தது இந்தத் தொடு உணர்வுதான்.

நடையை ஒழித்ததால் சேமித்த நேரம் எங்கே போனது என்ற கேள்வியை இந்த இடத்தில் கேட்டாக வேண்டும். எலியாஹு கோல்ட்ராட் என்ற இயற்பியலாளர் 1984இல் எழுதிய தி கோல் நாவலில், ஆலை மேலாளர் ஒருவர் ரோபோக்களால் ஒரு பிரிவின் திறன் 36 விழுக்காடு உயர்ந்ததாகப் பெருமையோடு சொல்வார். அவருடைய பழைய ஆசிரியர் கேட்பார்: ஆலையிலிருந்து ஒரு பொருளாவது கூடுதலாக விற்றதா? சரக்கிருப்பு குறைந்ததா? இல்லை. தொடர்வேலையில் மொத்த வேகத்தைத் தீர்மானிப்பது மிகக் குறுகலான இடம் ஒன்றுதான். அந்த இடுக்கைத் தவிர வேறெதை விரைவாக்கினாலும் சரக்கு இடுக்கின் வாசலில் குவியும். இடுக்கையே அகலப்படுத்தினாலோ, அது மறைவதில்லை, வேறிடத்துக்கு நகர்கிறது. கிடங்கில் காலில் இருந்த இடுக்கு, அலமாரி நடக்கத் தொடங்கியதும் மனிதரின் தோளுக்கும் மணிக்கட்டுக்கும் இடம்பெயர்ந்தது.

நடப்பது வீண் நேரம் என்று கணக்குப் புத்தகம் சொன்னது. உடலுக்கு அது வீண் இல்லை. இரண்டு பொருட்களுக்கு இடையே நடந்த அந்த அரை நிமிடத்தில் தோள் தளர்ந்தது, கை தொங்கியது, கண் தொலைவைப் பார்த்தது. அது போனதும் ஒரே இடத்தில் நின்று, ஒரே அசைவை மணிக்கு நூற்றுக்கணக்கில் செய்ய வேண்டியதாயிற்று. அமெரிக்காவின் ரிவீல் புலனாய்வு ஊடகம் 2020இல், அமேசானின் உள்ஆவணங்களிலிருந்து 2016 முதல் 2019 வரையிலான காயக் கணக்கை வெளியிட்டது. ரோபோ உள்ள கிடங்குகளில் கடுமையான காயங்கள் ரோபோ இல்லாதவற்றைவிடப் பாதிக்கும் மேல் அதிகம் என்றது. அமேசான் அதை மறுத்தது. பிறகு கோர்டன் பர்ட்ச், பிராட் கிரீன்வுட், கிரண் ரவீந்திரன் ஆகிய ஆய்வாளர்கள் அமெரிக்கத் தொழில் பாதுகாப்புத் துறைக்கு நிறுவனங்கள் தரும் பதிவுகளை எடுத்து ஆராய்ந்தார்கள். அவர்கள் கண்டது இரண்டு எதிரெதிர்ப் போக்குகள்: எலும்பு முறிவு போன்ற பெரிய காயங்கள் ரோபோ கிடங்குகளில் சுமார் 40 விழுக்காடு குறைவு, சுளுக்கு, தசைப்பிடிப்பு போன்றவை சுமார் 77 விழுக்காடு அதிகம்.

இரண்டும் ஒன்றையொன்று மறுக்கின்றனவா? ‘கடுமை’ என்பதை எப்படி அளந்தார்கள் என்று பார்த்தால் முரண் பெரும்பாலும் கரைகிறது. முதலாவது கணக்கு, வேலைக்கு வர முடியாமல் போனதையும் வேலையை மாற்றிக்கொடுக்க வேண்டிவந்ததையும் கடுமை என்று எண்ணியது. மாதக்கணக்கில் வலிக்கும் தோள்பட்டையும் அதில் அடங்கும். இரண்டாவது, பெரிய காயங்களையும் சிறியவற்றையும் தனித்தனியே பார்த்தது. கனமான சரக்கோடு ஓடும் வண்டிகளுக்கு நடுவே ஆள் நடக்காததால் விபத்துகள் குறைகின்றன. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதால் தேய்மானம் கூடுகிறது. ரோபோ ஒரு வகைத் துன்பத்தை எடுத்துக்கொண்டு வேறொன்றைக் கொடுத்திருக்கிறது. இதை ரோபோவின் குற்றம் என்று நான் எண்ணவில்லை. மணிக்கு எத்தனை பொருள் என்ற இலக்கை வைப்பது மனிதர்கள்தாம்.

2025 மே மாதம் அமேசான் வல்கன் என்ற ரோபோ கையை அறிமுகப்படுத்தியது. எவ்வளவு விசையோடு தொடுகிறோம் என்பதை உணரும் கருவிகள் அதில் உள்ளன. அலமாரியின் துணியாலான அறைக்குள் பொருட்களை மெல்ல ஒதுக்கி இடம் செய்யவும் தெரியும். அங்கே வைத்திருக்கும் பொருள் வகைகளில் நான்கில் மூன்றைக் கையாளும் என்கிறது நிறுவனம். அமெரிக்காவின் ஸ்போக்கேனிலும் ஜெர்மனியின் ஹாம்பர்கிலும் அது அலமாரியின் மேல்தட்டையும் அடித்தட்டையும் பார்த்துக்கொள்கிறது. ஏணி ஏறவும் குனியவும் வேண்டியிருந்த தட்டுகள் அவை. இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட தட்டுகள் மனிதருக்கு.

வேலையை இப்படிப் பங்கிடுவது வன்பொருளால் மட்டும் ஆவதன்று. எந்த அலமாரி எப்போது யார் முன் வந்து நிற்க வேண்டும் என்று தீர்மானிக்கும் நிரல் இப்போது தூரத்தையும் நேரத்தையும் கூட்டிப் பார்க்கிறது. குனிந்து எடுத்த ஒன்றுக்குப் பிறகு நிமிர்ந்து எடுக்கும் ஒன்றை அனுப்புவது, கனமானவை அடுத்தடுத்து வராமல் பார்ப்பது, சில நிமிடத்துக்கு ஒருமுறை மூச்சுவிட இடைவெளி தருவது என்று தசையின் சோர்வையும் அதே கணக்கில் ஒரு செலவாகச் சேர்க்க முடியும். ஜெர்மனியில் எரிக் குரோஸ், கிறிஸ்டாஃப் குளோக் போன்றவர்கள் பத்தாண்டுகளுக்கும் மேலாகச் சரக்கெடுப்பில் மனித உடலையும் மனத்தையும் சேர்த்துக்கொண்ட மாதிரிகளை எழுதிவருகிறார்கள். பத்து லட்சம் ரோபோக்களை மோதாமல் ஓட்டத் தெரிந்த மென்பொருளுக்கு இந்தக் கூட்டல் எட்டாத ஒன்றல்ல. சோர்வுக்கு எவ்வளவு விலை என்ற எண்ணை அதில் யார் நிரப்புவது, தொழிலாளருக்கு அதில் எவ்வளவு சொல் உண்டு என்பதில்தான் இன்னும் முடிவு வரவில்லை.